தாலியை மாற்றினோம், சீரை விட்டுவிட்டோம்

எங்கள் சபையில் கல்யாணம் நிச்சயமான பிள்ளைகளுக்கு ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஒரு வகுப்பு நடக்கும். வேத பாகத்தை ஆயர் நடத்துவார். குடும்பம் நடத்துகிற காரியத்தைப் பேச என்னைப் போன்ற மூத்த பெண்கள் இரண்டொருவர் உட்காருவோம். எதிரே இருப்பவர்கள் எல்லாரும் பனியன் கம்பெனிப் பிள்ளைகள். ஓவர்லாக் டெய்லர், பேட்லாக் டெய்லர், கட்டிங் மேசையில் நிற்கிற தம்பி, அயர்ன் அடிக்கிற தம்பி, மெர்ச்சண்டைசிங்கில் கம்ப்யூட்டர் பார்க்கிற பாப்பா. "கேட்கணும்னு நினைக்கிறதைக் கேளுங்க" என்றால் முதலில் வருகிற கேள்வி பெரும்பாலும் இதுதான்: "அக்கா, ஆயுத பூஜைக்குக் கம்பெனியில தர்ற பொரியைச் சாப்பிடலாமா?" அடுத்து, மஞ்சள் கயிற்றில் தாலி கட்டலாமா என்பார்கள். பிறகு பொட்டு, பூ, வளைகாப்பு.

சம்பளம் யார் கையில் இருக்க வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. எத்தனை பவுன் பேசியிருக்கிறார்கள் என்று யாரும் வாய் திறப்பதில்லை. நான் எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான். கல்யாணத்தில் விசுவாசத்தை எங்கே காட்ட வேண்டுமோ அந்த இடத்தை விட்டுவிட்டு, வேறெங்கோ மும்முரமாகக் காட்டிக்கொண்டிருக்கிறோம். மெஷின்களுக்கு நடுவில் நின்று குடும்பங்களைப் பார்த்துவந்ததில் எனக்கு உறுதிப்பட்ட எண்ணம் இது.

நான் சாத்தான்குளம் பக்கத்துக்காரி. கல்யாணமான புதிதில் வீட்டுக்காரரோடு திருப்பூர் வந்து, டெய்லருக்கு உதவி செய்கிற கைமடியாகச் சேர்ந்து, ஓவர்லாக் பழகி, இப்போது செக்கிங்கில் இருக்கிறேன். இந்த ஊர்க் கிறிஸ்தவர்கள் எந்தப் பக்கத்தார் என்றால் ஒரே பதில் கிடையாது. பக்கத்திலே கருமத்தம்பட்டி ஜெபமாலை மாதா கோயிலின் கதை 17ஆம் நூற்றாண்டு ஏசு சபைக் குருக்கள் காலத்திலிருந்து வருகிறது. லண்டன் மிஷனைச் சேர்ந்த ஆடிஸ் ஐயர் 1830இல் கோயம்புத்தூரில் வந்து இறங்கினார். அந்த வழியில் வந்த கொங்கு நாட்டுக் குடும்பங்கள் உண்டு. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை பெஞ்சுகளை நிரப்புகிறவர்களில் நிறையப் பேர் நெல்லை, தூத்துக்குடி, மதுரை, தேனி, திண்டுக்கல்லிலிருந்து பிழைப்புக்கு வந்தவர்கள். இப்போது ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த கிறிஸ்தவப் பிள்ளைகளும் கடைசி வரிசையில் உட்காருகிறார்கள். ஒவ்வொருவரும் அவரவர் ஊர்ச் சடங்கை மூட்டையோடு கட்டிக்கொண்டு வந்திருக்கிறோம். எது விசுவாசம், எது ஊர் வழக்கம் என்று பிரித்துப் பார்க்கிற வேலை அதனால் இங்கே தினசரி வேலை.

பொரியிலிருந்தே தொடங்குகிறேன். பனியன் கம்பெனியில் ஆயுத பூஜை பெரிய நாள். முந்தின நாளே மெஷின்களில் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, பஞ்சுத் தூசியை ஊதித் தள்ளி, வாழைக்கன்று கட்டி, சந்தனம் குங்குமம் வைப்பார்கள். பூஜை முடிந்து முதலாளி கையால் பொரி, கடலை, சுண்டல், இனிப்புப் பொட்டலம் வரும். வருஷம் முழுக்கச் சத்தம் போடுகிற சூப்பர்வைசர்கூட அன்றைக்குச் சிரித்த முகமாக நிற்பார். அந்தப் பொட்டலத்தை வாங்குவதா வேண்டாமா என்று நம் பிள்ளைகள் தவிக்கிறார்கள்.

இந்தத் தவிப்பு புதிதில்லை. ஏறக்குறைய 2,000 வருஷத்துக்கு முன் கொரிந்து பட்டணத்துக் கிறிஸ்தவர்கள் பவுலிடம் இதைத்தான் கேட்டார்கள். அந்த ஊர்ச் சந்தையில் கிடைத்த இறைச்சியில் கோயிலில் படைத்ததும் கலந்திருந்தது. கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தில் எட்டு முதல் பத்து வரையான அதிகாரங்களில் பவுல் இதை நிதானமாக அலசுகிறார். படையலிடும் பந்தியில் பங்காளியாகாதே என்கிறார். ஆனால் சந்தையில் விற்பதைக் கேள்வி கேட்காமல் வாங்கிச் சாப்பிடு, அயல்வீட்டார் விருந்துக்குக் கூப்பிட்டால் போய் வைத்ததைச் சாப்பிடு என்கிறார். கூட இருக்கிற ஒருவருடைய மனச்சாட்சி அதனால் புண்படுமானால் அவருக்காக விட்டுவிடு என்றும் சொல்கிறார். எனக்குத் தெரிந்தது எனக்குச் சரி என்பதைவிடப் பக்கத்திலிருப்பவர் மனசு முக்கியம் என்பதுதான் அவர் கணக்கு. நான் என் மேசையைத் துடைத்துக் கொடுப்பேன். கற்பூரம் காட்டும்போது ஒதுங்கி நிற்பேன். முதலாளி நீட்டுகிற பொட்டலத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வேன். வாங்க மனம் ஒப்பாத பிள்ளைகளையும் நான் கடிந்துகொள்வதில்லை. ஆனால் வாங்கிய பொட்டலத்தைக் குப்பையில் போடாதே, கொடுத்தவர் பார்த்தால் மனசு வலிக்கும் என்று மட்டும் சொல்வேன். பக்கத்து மேசை அக்கா கிறிஸ்மஸ் கேக்கை எந்தக் கேள்வியும் கேட்காமல்தான் வாங்கிக்கொள்கிறார். நம் பிள்ளைகளுக்குக் கிறிஸ்மஸ் துணி எடுப்பதே தீபாவளி போனஸில்தான்.

தாலி விஷயத்துக்கு வருவோம். கிறிஸ்தவரல்லாத வாசகர்கள் பலருக்கு எங்களிடம் தாலி உண்டு என்பதே ஆச்சரியமாக இருக்கும். கத்தோலிக்கரும் சி.எஸ்.ஐ. சபையாரும் பெரும்பாலும் சிலுவையோ புறாவோ வேதப் புத்தகமோ பொறித்த தாலி கட்டுகிறோம். பெந்தெகொஸ்தே சபைகள் பலவற்றில் நகையே கிடையாது, தாலியும் கிடையாது. இந்தச் சின்னத் தங்கத்துக்குப் பின்னால் பெரிய வழக்கு ஒன்று இருக்கிறது. 1606இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் ராபர்ட் தெ நொபிலி, தமிழர் வழக்கங்களில் மதத்தைச் சேராததை அப்படியே வைத்துக்கொள்ளலாம் என்றார். அது சரியா தவறா என்ற சண்டை ரோமாபுரி வரை போனது. போப்பின் தூதராகப் புதுச்சேரிக்கு வந்த டூர்னோன் 1704இல் ஓர் ஆணை போட்டார். பிள்ளையார் உருவம் பொறித்த தாலி கூடாது, சிலுவையோ மாதாவோ பொறித்ததைக் கட்டலாம். 108 இழை மஞ்சள் கயிறு கூடாது. கல்யாணத்தில் தேங்காய் உடைத்துச் சகுனம் பார்க்கக் கூடாது. பெண் பெரியவளானதை விழாவாக்கக் கூடாது. மாதவிலக்கான பெண்களைக் கோயிலுக்கு வராமல் தடுக்கக் கூடாது. இந்தக் கடைசி விதிக்காக அவருக்கு என் மனமார்ந்த நன்றி. இன்னும் சில வீடுகளில் அந்த நாட்களில் வேதத்தைத் தொடக் கூடாது என்று பெண் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறார்கள்.

அதே ஆணையில் இன்னொன்றும் இருந்தது. தீண்டாமைக்கு ஆளான மக்களின் வீட்டுக்குள்ளேயே போய்க் குருமார் நோயாளிகளுக்குத் திருவருட்சாதனம் கொடுக்க வேண்டும் என்றது. இதற்குத்தான் எதிர்ப்பு பலமாக வந்தது. 40 வருஷ வழக்குக்குப் பிறகு 1744இல் போப் 14ஆம் பெனடிக்ட் முடிவு சொன்னார். தாலி விதி அப்படியே நின்றது. சாதி விஷயத்தில் மட்டும் ஒரு சமரசம் வந்தது. அந்த மக்களுக்கென்று தனிக் குருமாரை ஒதுக்கிவைக்கும் ஏற்பாட்டை ரோமாபுரி ஏற்றுக்கொண்டது. புராட்டஸ்டண்ட் பக்கத்தில் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 1833இல் சபைக்குள் சாதி கூடவே கூடாது என்று சுற்றறிக்கை அனுப்பினார். வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் பலர் கோயிலை விட்டே வெளியேறினார்கள்.

அந்த வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் என் வேலைதான் நினைவுக்கு வரும். துணியின் மேல்பக்கத்தைப் பார்த்துப் பாஸ் போட்டுவிட்டு, உள்பக்கத் தையலைத் திருப்பிப் பார்க்காமலே பெட்டியில் அடுக்கிவிட்டோம். கழுத்தில் தொங்குவது திருத்தப்பட்டது. கல்யாணத்தின் உள்ளே ஓடுகிற சாதியும் பணமும் அப்படியே இருந்துவிட்டன.

பணத்தைப் பற்றி வெளிப்படையாகவே பேசுகிறேன். எங்கள் தெற்குப் பக்கத்தில் ரொக்கம், நகை, சீர், சுருள் என்று தனித்தனிக் கணக்கு. பெயரை மாற்றி, "உங்க பிள்ளைக்கு நீங்க போடறதைப் போடுங்க" என்று கேட்பதும் உண்டு. அதைக் கேட்கிறவர் ஜெபக்குழு நடத்துகிறவராகவும் இருப்பார். ஒரு பிள்ளை வகுப்பு முடிந்து என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள்: "அக்கா, பதினஞ்சு பவுன் கேட்டிருக்காங்க. நானும் தங்கச்சியும் ஒன்றரை ஷிப்ட் பார்த்துச் சேர்த்தது ஆறு. மீதிக்கு அப்பா வட்டிக்கு வாங்கறார்." மாப்பிள்ளை நல்ல பையன்தான், ஞாயிறு பள்ளி ஆசிரியர். அவனுக்கு அது தவறென்றே படவில்லை. எல்லாரும் வாங்குவதைத் தானும் வாங்குகிறோம் என்று நினைத்தான்.

இந்தப் பவுன் கணக்கு நம் தொழிலுக்குள்ளேயே புகுந்து என்ன செய்தது என்பதை ஜவுளித் தொழிலைச் சேர்ந்த எவரும் மறக்கக் கூடாது. கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் பக்கத்து நூல் மில்களில் சுமங்கலித் திட்டம் என்று ஒன்று நடந்தது. மாங்கல்யத் திட்டம் என்றும் சொன்னார்கள். ஏழைவீட்டுப் பெண் பிள்ளைகளை மூன்று வருஷ ஒப்பந்தத்தில் மில் விடுதியிலேயே தங்கவைத்து வேலை வாங்கி, முடிவில் கல்யாணச் செலவுக்கென்று மொத்தமாக ஒரு தொகை கொடுப்பதாக ஏற்பாடு. நடுவில் நோய் வந்து வெளியேறி, தொகை கிடைக்காமல் போன பிள்ளைகள் பலர். நெதர்லாந்தைச் சேர்ந்த இரண்டு அமைப்புகள் 2011இல் வெளியிட்ட அறிக்கைக்குப் பிறகு உலகமே இதைப் பற்றிப் பேசியது. வெளிநாட்டு வாங்குநர்கள் கேள்வி கேட்டார்கள். மில்லைக் குற்றம் சொன்னது சரிதான். ஆனால் வரதட்சணை என்ற ஒன்று இல்லாவிட்டால் அந்தத் திட்டத்துக்கு அந்தப் பெயரே வந்திருக்காது. அந்த விடுதிகளுக்குப் பிள்ளைகளை அனுப்பியதில் எல்லா மதத்து வீடுகளும் உண்டு, நம் வீடுகளும் உண்டு.

வரதட்சணைத் தடைச் சட்டம் வந்தது 1961இல். கொடுப்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம், குறைந்தது ஐந்து வருஷச் சிறை. 1925ஆம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி கிறிஸ்தவர் வீட்டில் உயில் எழுதாத தகப்பன் சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு. இது நம் வீட்டுப் பெண்களில் பலருக்குத் தெரியாது. "அதான் நகை போட்டு அனுப்பிட்டோமே" என்று சொல்லி அண்ணன் தம்பிகள் கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள். கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்களிடம் வரதட்சணையில் ஒரு பங்கைக் கோயிலுக்குச் செலுத்துகிற வழக்கமே இருந்தது. நம்மிடம் அப்படி நேராக இல்லாமல் இருக்கலாம். ஆனால் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டு வாழ்த்திவிட்டு வருகிற எல்லாருக்கும் அதில் பங்கு இருக்கிறது.

இனி வேதம் என்ன சொல்கிறது என்று பார்க்கலாம். கல்யாண ஆராதனையில் எபேசியர் ஐந்தாம் அதிகாரத்தை வாசிக்காத சபை இல்லை. மனைவிகள் புருஷருக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்கிற 22ஆம் வசனத்தில் தொடங்கி வாசிப்பார்கள். அதற்கு முந்தின வசனத்தில் எல்லாரும் ஒருவருக்கொருவர் கீழ்ப்படியச் சொல்லியிருப்பதை விட்டுவிடுவார்கள். புருஷன் தன் உயிரையே கொடுக்கிற அளவுக்கு மனைவியை நேசிக்க வேண்டும் என்று பின்னால் வருவதை வேகமாகப் படித்துவிடுவார்கள். நான் வகுப்பில் 21ஆம் வசனத்திலிருந்து வாசிக்கச் சொல்வேன்.

பிறகு நீதிமொழிகள் 31. குணசாலியான ஸ்திரீயைப் பற்றிய பகுதி. திருப்பூர்க்காரருக்கு அதைப் புரியவைக்க விளக்கம் தேவையில்லை. அந்த அம்மாள் நம் தொழில்காரி. ஆட்டு மயிரும் சணலும் தேடி வாங்குகிறாள், நூற்கிறாள், உடுப்பு செய்து வியாபாரிகளுக்கு விற்கிறாள். தன் சம்பாத்தியத்தில் தானே நிலம் வாங்குகிறாள். முடிவில், அவள் கைப்பலனை அவளுக்கே கொடுங்கள் என்கிறது வேதம். வாழ்த்து அட்டையில் இந்தப் பகுதியை அச்சடிக்கிறோம். சனிக்கிழமை ராத்திரி என்ன நடக்கிறது? இந்த ஊரில் சனிக்கிழமை சம்பள நாள். காலை எட்டரைக்குப் போன பெண் ஒன்றரை ஷிப்ட் முடித்து ராத்திரி எட்டரைக்குக் கவரோடு வருகிறாள். எத்தனையோ வீடுகளில் அந்தக் கவர் பிரிக்கப்படாமலே கை மாறும். அதில் ஒரு பகுதி டாஸ்மாக்குக்குப் போகும். ஜோடியாகப் பீஸ் ரேட்டில் தைக்கிற புருஷன் பெண்டாட்டிக்குக் கணக்கு ஒரே சீட்டில் அவர் பெயரில் எழுதப்படுவதும் உண்டு. எங்கள் சபையில் ஒரு பெண் தன் பீஸுக்குத் தனிச் சீட்டு கேட்டாள். வீட்டில் சண்டை வரும் என்று பயந்தோம். அவள் புருஷனே போய்க் காண்டிராக்டரிடம், "அவ தச்சதை அவ பேர்ல எழுதுங்கண்ணா" என்று சொன்னார். நான் கேட்ட பிரசங்கங்கள் எத்தனையோ, இதற்கு ஈடாக ஒன்றைச் சொல்ல முடியவில்லை.

வேதத்தில் நம் தொழில்காரர் இன்னும் இருக்கிறார்கள். ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் கூடாரம் தைத்துப் பிழைத்த தம்பதி. பவுலும் அதே தொழில்காரர், அவர்களோடு தங்கி வேலை செய்தார். சில இடங்களில் மனைவியின் பெயரே முதலில் எழுதப்பட்டிருக்கிறது. இருவரும் சேர்ந்து தைத்தார்கள், சேர்ந்து போதித்தார்கள். லீதியாள் சாயத் துணி வியாபாரம் செய்தவள், பிலிப்பி சபை அவள் வீட்டில் கூடியது. யோப்பா பட்டணத்துத் தொற்காள் விதவைகளுக்கு அங்கி தைத்துக் கொடுத்தவள். அவள் இறந்தபோது அந்த விதவைகள் அவள் தைத்த துணிகளைக் காட்டித்தான் பேதுருவிடம் அழுதார்கள். தையல் மெஷினில் உட்கார்ந்திருப்பவளுக்கு விசுவாசம் வேறு, வேலை வேறு என்று யாரும் சொல்ல வேண்டாம்.

ஆண்களிடம் நான் யோசேப்பைப் பற்றிப் பேசுவேன். வீரமாமுனிவர் 18ஆம் நூற்றாண்டில் தமிழில் தேம்பாவணி என்று 3,615 பாட்டில் ஒரு காவியம் செய்தபோது ஒரு தச்சரை, ஒரு புருஷனை, வளன் என்ற பெயரில் அதன் தலைவனாக வைத்தார். மத்தேயு சுவிசேஷத்தில் மரியாள் கர்ப்பமாக இருப்பது தெரிந்தபோது, ஊரறிய அவளை அவமானப்படுத்த யோசேப்புக்கு மனமில்லை. அந்த ஒரு குணத்தை இந்த ஊர் ஆண்கள் கற்றுக்கொண்டால் பாதிக் குடும்பங்கள் பிழைக்கும். இங்கே வீட்டை உடைப்பதில் முதல் இடம் சந்தேகத்துக்கு. ஷிப்மெண்ட் நேரத்தில் நைட் பார்த்துவிட்டு வருகிறவளிடம் போனை வாங்கிப் பார்ப்பது, மாஸ்டர் பெயரைச் சொல்லிக் கேவலமாகப் பேசுவது, தெருவில் நின்று கத்துவது. அவளை ஊரார் முன்னால் அவமானப்படுத்துகிறவர் ஞாயிற்றுக்கிழமை பாட்டுக் குழுவில் முன்வரிசையில் நிற்கக் கூடாது என்பதே என் கருத்து. ஆயரிடமும் சொல்லியிருக்கிறேன்.

ஓய்வு நாளைப் பற்றியும் ஒரு வார்த்தை. பத்துக் கட்டளையில் ஓய்வு நாள் எஜமானுக்கு மட்டும் சொல்லப்படவில்லை. வேலைக்காரன், வேலைக்காரி, மாடு வரைக்கும் அதில் அடக்கம். உபாகமம் 24ஆம் அதிகாரத்தில் புதிதாகக் கல்யாணமானவனை ஒரு வருஷம் படைக்கு அனுப்பாமல் வீட்டில் விட்டு மனைவியைச் சந்தோஷப்படுத்தச் சொல்லியிருக்கிறது. சில வசனங்கள் தள்ளி, கூலிக்காரனுடைய கூலியைப் பொழுது சாயுமுன் கொடுக்கச் சொல்கிறது. கல்யாணமும் கூலியும் ஒரே அதிகாரத்தில் வருவது சும்மாயில்லை. முதலாளிகளாக இருக்கும் கிறிஸ்தவர்களுக்கும் நம் ஊரில் குறைவில்லை. கல்யாணமான புதுப் பிள்ளைகளை ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைமுக்குக் கட்டாயப்படுத்தாதீர்கள் என்று அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

கடைசியாகச் சாதி. நம் திருப்பூர் மாவட்டத்தில், உடுமலைப்பேட்டையில், 2016 மார்ச் 13ஆம் தேதி பட்டப்பகலில் சங்கர் என்ற இளைஞரை வெட்டிக் கொன்றார்கள். தலித் இளைஞரான அவர் வேறு சாதிப் பெண்ணைக் கல்யாணம் செய்திருந்தார். அது நம் மதத்தார் வீட்டு விஷயமில்லை என்று ஒதுங்கிவிட முடியாது. கிறிஸ்தவ மணமகன், மணமகள் விளம்பரங்களைப் புரட்டிப் பாருங்கள், பெரும்பாலானவற்றில் சாதிப் பெயர் இருக்கும். பனியன் கம்பெனியில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒரே வரிசையில் உட்கார்ந்து தைக்கிறார்கள், மனசு ஒத்துப்போகிறது. ஒரே சபையில் ஒரே அப்பத்தில் பங்கு வாங்குகிறார்கள். கல்யாணப் பேச்சு வரும்போது மட்டும் அம்மா அப்பா சாதி கேட்கிறார்கள். அப்பத்தைப் பகிர்ந்துகொண்டவர்களுக்கு அதற்கு மேல் என்ன பொருத்தம் பார்க்க வேண்டியிருக்கிறது?

எங்களிடம் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், தடை ஏதாவது தெரிந்தால் சொல்லுங்கள் என்று சபை நடுவே கேட்பது அது. முன்கல்யாணம், நெருங்கிய இரத்த உறவு, வயது இவைதான் இப்போது தடையாக எண்ணப்படுகின்றன. ஆயர்களையும் குருக்களையும் சபை மூப்பர்களையும் நான் கேட்பது இதுதான். முதல் ஓலை வாசிக்கும் முன் இரண்டு வீட்டாரையும் தனித்தனியே கூப்பிட்டு, வரதட்சணை எவ்வளவு பேசியிருக்கிறீர்கள் என்று கேளுங்கள். பேசியிருந்தால் ஓலை வாசிக்க மறுத்துவிடுங்கள். வாங்கியதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வரச் சொல்லுங்கள். கோபித்துக்கொண்டு வேறு சபைக்குப் போகிறவர்கள் போகட்டும். 1833இலும் போனார்கள், சபை அழிந்துவிடவில்லை.